கடலில்லாத துறைமுகம்: ரம் வணிகமும் திருப்பூரின் சனிக்கிழமையும்

கரும்பைப் பிழிந்து சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகைப் புளிக்கவைத்து வடித்தால் ரம். 17ஆம் நூற்றாண்டில் பார்படோஸ் தீவின் தோட்டங்களில் பெருமளவில் வடிக்கத் தொடங்கிய இந்தச் சரக்கு, அடுத்த நூறாண்டுக்குள் அட்லாண்டிக் கடலோரத்து ஊர்களில் கூலியாகவும் பண்டமாற்றுப் பொருளாகவும் அரசின் வரியாகவும் புழங்கத் தொடங்கிவிட்டது. கப்பல், கடற்கொள்ளையர், துறைமுகத்துச் சாராயக்கடை என்ற காட்சிகளோடுதான் அந்த வரலாறு நம்மிடம் வந்து சேர்கிறது. அந்தக் காட்சிகளை விலக்கிவிட்டுப் பார்த்தால் அடியில் தெரிவது ஒரு பொருளாதார ஏற்பாடு. வீட்டை விட்டு வந்து உழைக்கும் ஆட்கள், உடலை வாட்டும் வேலைநேரம், சிறுகச் சிறுக வராமல் ஒரே நாளில் மொத்தமாகக் கைக்கு வரும் கூலி, சரக்கை விற்கும் உரிமையைத் தன் பிடியில் வைத்திருக்கும் அதிகாரம் ஆகிய நான்கும் ஓரிடத்தில் கூடியபோதுதான் ரம் கரையோர ஊர்களை ஆட்டிப்படைத்தது. அக்காலத்தில் அந்த நான்கும் கூடிய இடம் துறைமுகமாக இருந்தது. இன்று அந்த நான்கும் கூடியிருக்கும் இடம், கடற்கரையிலிருந்து வெகுதொலைவில் நொய்யல் ஆற்றோரம் நிற்கும் திருப்பூர். இங்கே பெருகியிருக்கும் குடியைத் தனிமனித ஒழுக்கத்தின் சரிவாகப் பார்ப்பதைவிட, கூலி திரும்பப் போகும் வழியாகப் பார்ப்பதே உண்மைக்கு நெருக்கமானது என்பது என் வாதம்.

முதலில் கடலோரச் சான்றுகள். வட அமெரிக்காவின் ரோட் தீவில் நியூபோர்ட் போன்ற துறைமுகங்களின் வணிகர்கள், கரீபியன் தீவுகளிலிருந்து கழிவுப்பாகை இறக்கி, ஊரிலேயே ரம் வடித்து, அதைக் கப்பலேற்றி ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்பி, அங்கே மனிதர்களை விலைக்கு வாங்கினார்கள். ஜே காட்ரி என்ற வரலாற்றாசிரியர் 1709 முதல் 1807 வரை அந்தச் சிறு மாநிலத்திலிருந்து புறப்பட்ட 934 அடிமைக் கப்பல் பயணங்களைக் கணக்கெடுத்திருக்கிறார். அவற்றில் கொண்டுசெல்லப்பட்டோர் ஒரு லட்சத்துக்கும் மேல். அந்த மனிதர்கள் எந்தத் தோட்டங்களில் விற்கப்பட்டார்களோ, அந்தத் தோட்டங்களின் கழிவுப்பாகுதான் மறுபடி நியூபோர்ட்டில் வந்து இறங்கியது. பிரிட்டிஷ் கடற்படையிலோ ரம் மாலுமியின் அன்றாடப் படியாகவே இருந்தது. 1740இல் தளபதி வெர்னன் அதைத் தண்ணீர் கலந்து கொடுக்க உத்தரவிட்டார், நிறுத்தச் சொல்லவில்லை. அந்தப் படி முடிவுக்கு வந்தது 1970 ஜூலை 31 அன்றுதான். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பேரரசின் கடற்படை, ஆளைக் கப்பலில் வேலைக்கு நிறுத்திவைக்கும் செலவுகளில் ஒன்றாக ரம்மைக் கணக்கெழுதி வந்திருக்கிறது.

இவற்றைவிடத் தெளிவான சான்று சிட்னி. 1790களில் நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தில் நாணயம் பற்றாக்குறை. படை அதிகாரிகள் கப்பலில் வந்த சரக்கை மொத்தமாக வாங்கிப் பதுக்கி, உழைப்புக்கு ரம்மாகவே கூலி கொடுத்தார்கள். அதில் கணிசமான பகுதி கல்கத்தாவிலிருந்து போன வங்காள ரம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. இந்திய மண்ணின் கரும்பும் அந்தக் கதையில் இருக்கிறது. அந்த வணிகத்தைக் கட்டுப்படுத்த முயன்ற ஆளுநர் பிளையை 1808 ஜனவரி 26 அன்று அதே படை பதவியிலிருந்து இறக்கியது. அடுத்து வந்த ஆளுநர் மெக்வாரி ஊருக்கு மருத்துவமனை கட்ட நினைத்தபோது கருவூலத்தில் பணமில்லை. 1810இல் மூன்று பேரோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். மருத்துவமனையை அவர்கள் கட்டித் தர வேண்டும். பதிலுக்கு 45,000 கேலன் ரம் இறக்குமதி செய்யும் உரிமை அவர்களுக்கு. 1816இல் திறந்த அந்தக் கட்டடம் ‘ரம் மருத்துவமனை’ என்றே பெயர் பெற்றது. குடித்தவர்களின் கூலியில்தான் ஊருக்கு ஒரு மருத்துவமனை எழுந்தது. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்வோம்.

தமிழர்களுக்கு நேரடியாகப் பட்ட அனுபவம் இலங்கையில் கிடைக்கிறது. அங்கே ரம்மின் இடத்தில் தென்னஞ்சாராயம். களுத்துறை, பாணந்துறை, மொறட்டுவை என மேற்குக் கரையோர ஊர்களில் தென்னங்கள்ளிலிருந்து வடித்த சாராயத்தை, ஒரு வட்டாரத்துக்குள் விற்கும் உரிமையை ஆங்கில அரசு ஏலம் விட்டது. குமாரி ஜயவர்தன, மைக்கேல் ராபர்ட்ஸ் போன்ற ஆய்வாளர்கள் இந்தக் குத்தகைதான் 19ஆம் நூற்றாண்டில் கரையோரத்துப் புதுச் செல்வர்களின் முதல் மூலதனங்களில் ஒன்று என்பதை விரிவாகக் காட்டியிருக்கிறார்கள்; அந்தச் செல்வர்களில் பலர் கராவ சாதியினர். கரையில் வடித்த சரக்கு மலைக்கு வண்டியேறியது. மலையில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து வந்து சேர்ந்த தொழிலாளர்கள் இருந்தார்கள். தோட்டத்துக்குப் பக்கத்தில் தவறணை என்ற சாராயக்கடை இருந்தது. ஆள் கூட்டிவந்த கங்காணியிடம் கடன், தோட்டத்தில் பிடித்தம், தவறணையில் மிச்சம் என்று கூலி மூன்று பக்கமும் கரைந்தது. மொறட்டுவையின் டி சொய்சா குடும்பம் சாராயக் குத்தகையிலும் காப்பியிலும் பொருள் சேர்த்தது. கொழும்பில் 1879இல் ஒரு மகப்பேற்று மருத்துவமனையையும் கொடையாகத் தந்தது. அந்தக் கொடையின் நன்மையை நான் மறுக்கவில்லை. மலையில் சிந்திய கூலி கரையில் கட்டடமாக எழுந்தது என்ற பாதையைத்தான் சுட்டுகிறேன். கடற்கரைச் சமூகங்களின் மது வரலாறு கரையோடு முடிந்துவிடுவதில்லை; சரக்குக்குப் பணம் கொடுப்பவர்கள் இருக்கும் உள்நாடு வரை அது நீள்கிறது.

சென்னை மாகாணத்திலும் இதே ஏற்பாடு வேறு வடிவில் இருந்தது. 1886ஆம் ஆண்டு ஆப்காரிச் சட்டத்தின் கீழ் கள்ளுக்கடைக்கும் சாராயக்கடைக்கும் ஏலம், மரத்துக்கு வரி. அதைக் கேள்வி கேட்டவர்களில் பலர் பருத்தியோடு தொடர்புடையவர்களாக இருந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலைப் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் நடத்தினார்கள். பெரியார் தன் தோப்பில் இருந்த தென்னை மரங்களையே வெட்டச் சொன்னார். 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி தொடங்கிய ஆசிரமம் ஒரு கையில் கதரையும் மறுகையில் மதுவிலக்கையும் வைத்திருந்தது. அங்கிருந்து 1929இல் ‘விமோசனம்’ என்ற இதழ் மதுவிலக்குக்காகவே வெளிவந்தது. நூற்கவும் நெய்யவும் கற்றுக்கொடுத்துச் சேர்த்த காசு மாலையில் கடைக்குப் போய்விட்டால் கதரால் என்ன பயன் என்ற கேள்வி அவர்களுக்குக் கண்ணெதிரே இருந்தது. 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு முதலில் வந்த மாவட்டம் சேலம்; திருச்செங்கோடு அப்போது அந்த மாவட்டத்தில்தான். கருவூலத்தில் விழுந்த ஓட்டையை அடைக்க ராஜாஜி அரசு 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தது. இன்றைய நிலைமையைப் புரிந்துகொள்ள இதைவிட முக்கியமான செய்தி வேறில்லை. மதுப் பணத்துக்கு மாற்றாகப் பிறந்த அந்த வரியின் வாரிசான மதிப்புக்கூட்டு வரிதான் இன்று அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் வழியாக அரசுக்கு வரும் வருவாயின் பெரும்பகுதி. குடிப்பவனிடமிருந்து எல்லோருக்கும் பரவலாக மாற்றிய சுமை, மறுபடி குடிப்பவன் தலைக்கே வந்துவிட்டது. 1971இல் மதுவிலக்கைத் தளர்த்தியதும், சில ஆண்டுகளில் திரும்பக் கொண்டுவந்ததும், 1981இல் மறுபடி கடை திறந்ததும், 2003இல் சில்லறை விற்பனையையே அரசு நிறுவனம் எடுத்துக்கொண்டதும் அந்தப் பாதையின் படிகள்.

இப்போது திருப்பூருக்கு வருவோம். பனியன் கம்பெனியில் காலை எட்டரைக்கு உள்ளே போகும் ஆள், வழக்கமான ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வருகிறார். கூலி வாரக் கணக்கு, சனிக்கிழமை சம்பளம். ஓவர்லாக்கில் உட்காருபவரோ பவர் டேபிளில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவரோ, ஆறு நாள் உழைப்பு ஒரே மாலையில் பணமாகிறது. டாஸ்மாக் கடை திறந்திருப்பது பகல் 12 முதல் இரவு 10 வரை. வேலை முடியும் நேரத்துக்கும் கடை மூடும் நேரத்துக்கும் இடையே ஒன்றரை மணிதான். அறைக்குப் போய்க் குளித்து, சமைத்து, சாப்பிட்டு, நண்பர்களோடு ஆற அமர உட்கார அந்த நேரம் போதாது. வெறும் வயிற்றில் அவசரமாகக் குடிக்க மட்டும் போதும். கையில் முழுக்காசு இல்லாத நாளில் இரண்டு பேர் சேர்ந்து 180 மில்லி குவாட்டர் ஒன்றை வாங்கி, ஆளுக்கு 90 மில்லி ‘கட்டிங்’ ஊற்றிக்கொள்வார்கள். இங்கே ஒரு சிறு கணக்கு. கடற்படை கடைசிக் காலத்தில் கொடுத்த ரம் படி 71 மில்லி, 54.5 விழுக்காடு வீரியம். நம் கடையின் சரக்கு 42.8 விழுக்காடு. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் மாலுமியின் படியிலும் திருப்பூர்க்காரரின் கட்டிங்கிலும் இருக்கும் தூய ஆல்கஹால் ஏறத்தாழ ஒரே அளவு, 38 மில்லிக்குச் சற்று மேல். உடல் வலியை மறந்து மறுநாளும் அதே இடத்தில் நிற்பதற்கு அந்தக் காலத்து ஆளும் இந்தக் காலத்து ஆளும் வந்து சேர்ந்த அளவு ஒன்றாக இருப்பதை வெறும் எண் விளையாட்டாக என்னால் ஒதுக்க முடியவில்லை. வேறுபாடு ஒன்று உண்டு. மாலுமிக்கு அதை அரசு கொடுத்தது. இவருக்கு அரசு விற்கிறது.

சரக்கிலும் உறவு இருக்கிறது. டாஸ்மாக்கில் பிராந்தி, விஸ்கி என்று எந்தப் பெயரில் விற்றாலும், இந்தியாவில் தயாராகும் இந்த மலிவு ரகங்களின் அடிப்படை நீண்ட காலமாகச் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த எரிசாராயம்தான். நிறமும் மணமும் பிறகு சேர்ப்பவை. பார்படோஸ் தோட்டக்காரர் தன் ஆலைக் கழிவைக் காசாக்கிய அதே வழியில்தான் நம் ஆலைகளும் காசாக்குகின்றன.

இந்த ஒப்பீட்டுக்கு எதிராகச் சொல்லக்கூடியவை வலுவானவை. சிட்னியில் கூலி கொடுத்தவரே ரம்மையும் விற்றார். திருப்பூர் முதலாளி சரக்கு விற்பதில்லை, திங்கட்கிழமை மெஷினில் உட்கார ஆள் வராவிட்டால் ஆர்டர் தள்ளிப்போய் நட்டப்படுகிறார். அப்படியிருக்க இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று கேட்கலாம். இலங்கை மலையில் இதற்கு விடை இருக்கிறது. அங்கும் தோட்டத் துரை வேறு, சாராயக் குத்தகைக்காரர் வேறு. தொழிலாளர் குடிக்கிறார்கள் என்று துரைகளே புகார் சொன்னார்கள். ஆனாலும் குறைந்த கூலி, நெடிய வேலை, லயத்து வாழ்க்கை என்ற சூழலை உண்டாக்கியது தோட்டம். அந்தச் சூழலில் சந்தை கண்டது குத்தகை. இரண்டு கைகளும் ஒன்றையொன்று அறியாவிட்டாலும் வேலை ஒன்றுதான். கைகள் பிரிந்திருப்பதால் நேரும் கூடுதல் தீங்கு என்னவென்றால், முழுச் சுற்றுக்கும் பொறுப்பேற்க ஆளில்லாமல் போவது. முதலாளி கடையைக் கைகாட்டுவார், அரசு தனிமனித விருப்பத்தைக் கைகாட்டும்.

அடுத்த மறுப்பு, திருப்பூர்த் தொழிலாளர் எல்லோரும் குடும்பத்தைப் பிரிந்த ஆண்கள் இல்லையே என்பது. சரிதான். தேனி, மதுரை, ராமநாதபுரம், நெல்லைப் பக்கங்களிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள் ஏராளம். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து தனியாக வந்து ஓர் அறையில் பலராகத் தங்குபவர்கள் பின்னால் சேர்ந்தவர்கள். செக்கிங்கிலும் மடிப்பிலும் தையலிலும் பெண்கள் பெரும் பங்கு. ஆனால் இது என் வாதத்தைக் குலைப்பதற்குப் பதில் அதன் கொடுமையான பக்கத்தைக் காட்டுகிறது. துறைமுகத்தில் மாலுமியின் கூலி கரைந்தால் பட்டினி எங்கோ தொலைவில் இருக்கும் வீட்டுக்குத்தான். திருப்பூரில் கணவனும் மனைவியும் அதே சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறார்கள். வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகைக் கடைப் பாக்கி எல்லாம் மனைவியின் கூலியில் ஓடிவிடும் என்ற நிலை வந்ததும் கணவனின் கூலி குடிப்பதற்குரிய கூலியாகிவிடுகிறது. பெண்களின் உழைப்புதான் மறைமுகமாக அந்தக் கடையை நடத்துகிறது.

அதைப் பெண்கள் தெளிவாக அறிந்திருக்கிறார்கள் என்பதற்குச் சாமளாபுரம் சான்று. நெடுஞ்சாலை ஓரத்துக் கடைகளை மூடும்படி 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. மூடிய கடைகளுக்கு மாற்றிடம் தேடி அதிகாரிகள் ஊர்களுக்குள் வந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் புதுக் கடையை எதிர்த்து 2017 ஏப்ரல் 11 அன்று பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். தடியடி நடந்தது. ஒரு காவல் அதிகாரி ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே பார்த்தது. அந்தப் பெண்கள் கேட்டது உலகில் மது இருக்கக் கூடாது என்பதில்லை. எங்கள் தெருவில் கடை வைக்காதே என்பதுதான். குடியை விருப்பம் என்று பேசுபவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். கடை எங்கே இருக்கும் என்பதில் அந்த ஊருக்கு விருப்ப உரிமை இல்லையென்றால், அங்கே குடிப்பவருக்கு மட்டும் முழு விருப்பம் இருப்பதாக எப்படிக் கொள்வது?

கடையை மூடினால் கள்ளச்சாராயம் வரும் என்ற மறுப்பை நான் மதிக்கிறேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் என்ற மீனவர் குப்பத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் இருபதுக்கும் மேற்பட்ட சாவுகள். ஆனால் இந்த இரண்டு துயரமும் நடந்தபோது தமிழ்நாட்டில் மதுவிலக்கு இல்லை. 4,800க்கும் மேற்பட்ட அரசுக் கடைகள் திறந்திருந்தன. செத்தவர்களில் பெரும்பாலோர் கூலிக்காரர்களும் மீனவர்களும். கடைச் சரக்கின் விலை எட்டாதவர்கள் பாக்கெட் சாராயத்தை நாடினார்கள். ஆக, கள்ளச்சாராயத்தைத் தடுப்பது கடைகளின் எண்ணிக்கை என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. முழு மதுவிலக்கை நான் கோரவில்லை. கூலி, வேலைநேரம், தங்குமிடம் மாறாமல் கடையை மட்டும் பூட்டினால் அதே தேவை வேறு வாசலில் போய் நிற்கும். கொங்கு உழவர்கள் நெடுநாளாகக் கேட்டுவரும் கள் அனுமதியையும் இந்தக் கோணத்தில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. 1987 முதல் கள்ளுக்குத் தடை, கழிவுப்பாகுச் சரக்குக்கு அரசுக் கடை என்பது நியாயமில்லாத ஏற்பாடு. கள்ளின் காசு மரக்காரருக்கும் மரமேறிக்கும் போகும், வீரியமும் குறைவு. ஆயினும் இரவு எட்டரைக்கு வெளியே வரும் தையல்காரரின் சனிக்கிழமையைக் கள்ளும் மாற்றிவிடாது.

கடைசி மறுப்புதான் எல்லாவற்றிலும் கனமானது. மதுப் பணம் இல்லாமல் பள்ளிச் சிற்றுண்டியும் மகளிர் உரிமைத் தொகையும் எப்படி என்பார்கள். 2003-04இல் ஏறத்தாழ 3,640 கோடி ரூபாயாக இருந்த டாஸ்மாக் வருவாய் 2024-25இல் 48,000 கோடியைத் தாண்டிவிட்டது. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி மொத்தமுமே அந்த ஆண்டில் 40,000 கோடி அளவில்தான். ஒன்று வரி, மற்றொன்று விற்பனை மதிப்பு என்பதால் நேருக்கு நேர் நிறுத்தக் கூடாது. என்றாலும் அரசின் கைச்செலவு எதைச் சார்ந்திருக்கிறது என்று காட்ட இது போதும். 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபின் மாநிலம் தன் விருப்பப்படி விதிக்கக்கூடிய பெரிய வரிகளில் மது, பெட்ரோல், பத்திரப்பதிவு போன்ற சிலவே மிஞ்சின என்பதும் உண்மை. அரசின் நெருக்கடியை நான் பொய்யென்று சொல்லவில்லை. ஆனால் சிட்னி மருத்துவமனையும் உண்மையான மருத்துவமனைதான், அதில் உண்மையான நோயாளிகள் குணமானார்கள். அதைக் கட்டியவர் யார் என்ற கேள்வி அதனால் மறைந்துவிடவில்லை. கணவனின் கூலியிலிருந்து சனிக்கிழமை போன பணத்தின் ஒரு துண்டு, மாதத்தில் ஒருநாள் மனைவியின் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வருகிறது. அது உதவியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கொடை என்று சொல்வது கணக்குப் பிழை. 1939இல் ஓர் அரசு மதுப் பணத்தில் ஒரு பகுதியை விட்டுவிட்டு வேறு வரி தேடியது. ஏழை மாகாணத்தில், போர் தொடங்கிய ஆண்டில் அது சாத்தியமானது.

எனவே திருப்பூரில் தொட வேண்டிய இடங்கள் கடையின் ஷட்டரிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கின்றன. எட்டு மணி நேரக் கூலியில் ஒரு குடும்பம் வாழ முடிந்தால் ஒன்றரை ஷிப்ட் கட்டாயம் இருக்காது. ஆறரை மணிக்கு முன்பே வெளியே வரும் ஆளுக்கு வீடு, பிள்ளைகள், விளையாட்டு, படம் என்று வேறு மாலைகள் உண்டு. வாரக்கூலியைப் பணமாகக் கையில் தருவதற்குப் பதில் கணவன், மனைவி இருவரும் அறிந்த கணக்கில் போடலாம். பீஸ் ரேட்டில் கான்ட்ராக்டர் வழியாகப் போகும் கூலிக்கும் இது பொருந்த வேண்டும். கடை அமையும் இடத்தைத் தீர்மானிப்பதில் வார்டு மக்களுக்கும் கிராம சபைக்கும் மறுக்கும் உரிமை வேண்டும். டாஸ்மாக்கின் கணக்குகள் திறந்திருக்க வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மண்டலவாரி விற்பனைத் தொகை செய்திகளில் வருகிறது. அதே தொகையை ஆண்டு முழுவதற்கும் கடைவாரியாக, கிழமைவாரியாக அரசு வெளியிடட்டும். பின்னலாடைத் தொழிற்பேட்டைகளைச் சுற்றியுள்ள கடைகளில் சனிக்கிழமை இரவு எட்டரைக்கும் பத்துக்கும் இடையே விற்றது எவ்வளவு, பிற ஊர்க் கடைகளில் அதே நேரத்தில் விற்றது எவ்வளவு என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இதுவரை சொன்ன வாதத்தை எவரும் சோதித்துப் பார்க்கலாம். கூலி ஒப்பந்தம் பேச முதலாளி சங்கங்களும் தொழிற்சங்கங்களும் அடுத்தமுறை உட்காரும்போது அந்தக் கணக்கும் மேசையில் இருக்க வேண்டும்.